திருநெல்வேலியிலிருந்து நாலு மணிக்கு ஒருவர்

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா, 12.8.2007

அன்பு வனஜா,

வங்கத்தின் முறுக்குச் சக்கரவர்த்தி எழுதுவது. நான் யானை பலத்துடன் இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நம் கடைக்கு இணையத் தேடலில் விளம்பரம் கொடுத்தபோது, பெருமையில் இந்தியா முழுவதும் தெரியும்படி வைத்துவிட்டேன். கடை இருக்கும் டாலிகஞ்சில் ஒருவர்கூட அதைக் கிளிக் செய்யவில்லை. திருநெல்வேலியில் மட்டும் தினமும் நாலு மணிக்கு ஒருவர்! எனக்கு மண்டை பம்பரமாகச் சுற்றுகிறது.

"மாமா, அங்கேருந்து எவன் முறுக்கு வாங்க வருவான்? அந்த ஊரைத் தூக்கிடுவோம்" என்கிறான் விளம்பரத்தைக் கவனிக்கும் ரமேஷ்பாபு.

கிளிக் செய்தால் கடை வாசலில் நான் நிற்கும் படம் வரும். நாலு மணிக்கு அங்கே நம் மகள் கவிதாவுடன் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவாயே, நீதானா அது? தெரியும்வரை திருநெல்வேலியைத் தூக்க விடமாட்டேன்.

சுக்குப்பொடியோடு உங்கள் இருவர் படமும் அனுப்பு. எண்ணெய் காய்ந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் பெத்துராஜ்