பேர் போடாத ஒன்பது மனு

8-ம் தேதி, திங்கள்

காலையிலயே வெயில் ஜாஸ்தி. தாலுகா ஆபீஸ் மூணு ரூமும் பெருக்கியாச்சு. பினாயில் கம்மி, சொல்லணும்.

டைப் அடிக்கிற கீதாவுக்கு ஒரே குஷி. வந்த மனு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாளாம். ஒரு வார்த்தை அடிச்சா, அது இருக்கிற மனு மொத்தமும் வந்து நிக்குது. "உனக்கு மாப்பிள்ளைனு அடி, வருதானு பார்ப்போம்"னேன். சிரிச்சுட்டு 'ஏரி'னு அடிச்சா. 31 மனு.

இடது பக்கம் ஒரு பட்டியல். அந்த 31-ல எந்த ஊர் எத்தனை, எந்தக் கிழமை எத்தனை, பேர் போட்டது எத்தனை, போடாதது எத்தனை. தானா கூட்டிச் சொல்லுது. பேர் போடாதது 9. அதைத் தட்டினா. ஊர், எங்க அடி அண்ணாமலை 9. கிழமை, புதன் 9.

ஒன்பதும் நான் எழுதினது.

9, செவ்வாய்

ஒன்பதும் லாரிக்கார தணிகாசலம் மேல. எங்க தெருதான், நாலு வீடு தள்ளி. லாட்ஜ் கக்கூஸ் தண்ணிய லாரில கொண்டாந்து எங்க ஏரியில விடறான். தட்டிக் கேட்ட வாத்தியார் வீட்டு வாசல்ல ஒரு லாரி முழுக்கத் திறந்து விட்டான். அதான் பேர் போடல. ஒண்ணு பென்சில்ல, ஒண்ணு இடது கையில. கெட்டிக்காரினு நினைப்பு! தனித்தனியா பார்த்தா ஒண்ணும் தெரியாது. கூட்டிப் பார்த்தா நான். புதன்ல பெரிய சார் கேம்ப் போவாரு, மனுப் பெட்டி பக்கம் ஆள் இருக்காதுனு அன்னைக்கே போட்டுட்டேன். முண்டம்.

வாங்க: உளுந்து, பல்பு, தைரியம் கால் கிலோ.

10, புதன்

பத்தாவது மனு ரவிக்கைக்குள்ள. போடல. கிழிச்சு குப்பையில. பயமாயி திரும்பப் பொறுக்கி வீட்டு அடுப்புல.

எங்க தெரு டெய்லர் செல்வி வந்தா. விதவை பென்ஷன் என்னாச்சுனு புதன் புதன் வருவா. "உன்னைக் கண்டாலே பெரிய சார் கேம்ப் ஓடிடறாரு"னேன். "உன் வாயத் தைக்க எங்கிட்ட நூல் பத்தாதுக்கா." சிரிச்சேன்.

11, வியாழன்

தணிகாசலம் வந்தான். "என்னக்கா, சௌக்கியமா?" மனு விஷயத்தை எவனோ சொல்லியிருக்கான். பெரிய சார், "சாருக்குக் காட்டும்மா"ன்னாரு. கீதா தட்டினா. டீ கொண்டு போனேன்.

"ஒன்பதும் எங்க ஊரு, ஒன்பதும் புதன். புதன்கிழமை எங்க ஊர்லருந்து இங்க யாரு வர்றது?"

பெரிய சார்தான், "அந்த டெய்லரம்மா புதன் புதன் வருதாமே."

"செல்வியா? அவளுக்கு இவ்ளோ திமிரா? சாயங்காலம் லாரி அவ வாசல்ல நிக்கும்."

நானும் அதே தெரு. தினமும் வர்றேன். தட்டோட எதிர்லயே நிக்கிறேன். பெருக்கறவ யாரு நினைப்புலயும் வரல. பேசாம இருந்தா தப்பிச்சேன்.

"அவ இல்ல தணிகாசலம். ஒன்பதும் நான் எழுதினது. டீ எடுத்துக்க."

எடுத்துக்கல. வெளிய போயிட்டான். பாதி டீ தட்டுலயே கொட்டிடுச்சு.

மணி ரெண்டு. கீதா, "பத்தாவது சொல்லுங்கக்கா, நான் அடிக்கிறேன்"னா. சொன்னேன். பேர், கதவு நம்பர், எல்லாம் போட்டாச்சு. லாரி வர்றதுக்குள்ள வாசப்படியில அடைக்க மண் சாக்கு நாலு வேணும். செல்விகிட்ட ரெண்டு இருக்கும்.