வெள்ளத்தில் தப்பிய கார்டு

ஏப்ரல் 16

பேஸ்மென்ட்டில் புகுந்த ஆற்று வெள்ளம் ஒருவழியாக வடிந்துவிட்டது. நாள் முழுக்கக் கம்பளத்தை அறுத்து அறுத்து வெளியே போட்டேன். என் புருஷன் ட்வெயினின் கம்ப்யூட்டர் தரையிலேயே இருந்திருக்கிறது. பாதிப் பெட்டி வரை சேறு. திறந்து பார்த்தால் அடியிலிருந்த பவர் சப்ளை, போர்டு எல்லாம் நாசம். திரையில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு மட்டும் சேற்றுக் கோட்டுக்குச் சற்று மேலே, தூசியோடு, காய்ந்து இருந்தது.

மேலே வந்து சொன்னேன். சோபாவில் படுத்திருந்தவன் திரும்பவில்லை. தூக்கிப் போடச் சொன்னான். பிப்ரவரியில் அவன் ஓட்டிய பனி தள்ளும் வண்டி நெடுஞ்சாலையில் கவிழ்ந்து, இடுப்பும் வலது தோளும் உடைந்ததிலிருந்து எதைக் கேட்டாலும் இதே பதில்தான்.

போடவில்லை. துண்டில் சுற்றித் துணி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 20

சனிக்கிழமை. கால்கரியிலிருந்து மார்செல் கூப்பிட்டான், சனிக்கிழமைதோறும் ட்வெயினோடு நெட்டில் டாங்கிச் சண்டை ஆடுகிறவன். தூங்குவதாகச் சொல்லும்படி ட்வெயின் கையைக் காட்டினான். சொன்னேன். மார்செல் நம்பவில்லை. "அவன் இல்லாம டாங்கி ஆட்டம் சப்புனு இருக்கு, லோர்னா. சும்மா எட்டிப் பாக்கச் சொல்லு."

கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ஊர் சர்ச் ஹாலில்தான் இந்தக் கூட்டம் சேரும். அவரவர் கம்ப்யூட்டரை அவரவரே காரில் ஏற்றி வர வேண்டும். அந்தக் காலத்து மானிட்டர்—கன்றுக்குட்டியைத் தூக்குவது போல இருக்கும். ஒருமுறை மார்செல் வாசலில் வழுக்கி விழுந்தபோது கையை ஊன்றாமல் மானிட்டரைக் கட்டிக்கொண்டே விழுந்தான். மானிட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, மூக்கு உடைந்தது. மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு விளையாடினான். சூடான தூசியும் பீட்சாவும் கலந்த அந்த வாசனை இப்போதும் மூக்கிலேயே நிற்கிறது.

என்னிடம் வரிசையாகத் தோற்ற பிறகு ட்வெயின் முதன்முதலாக எழுந்து வந்து பேசியதும் அங்கேதான். "உன் மவுஸக் கொஞ்சம் காட்டு. அதுல என்னவோ பண்ணி வச்சிருக்க."

மகள் டாரா பிறந்ததும் நான் விட்டுவிட்டேன். அவன் விடவில்லை. டாரா படித்து முடித்து ஊரைவிட்டுப் போயும் ஆகிவிட்டது.

ஏப்ரல் 27

என் லேப்டாப்பில் அந்த ஆட்டத்தை ஏற்றிப் பார்த்தேன். டாங்கி நகரவில்லை, ஃபோட்டோ ஆல்பம் புரட்டுவது போல ஒவ்வொரு படமாக வருகிறது. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். பெரிய கார்டை வெளியே தனிப் பெட்டியில் வைத்து, அதற்குத் தனி கரண்ட் கொடுத்து, ஒரே கேபிளில் லேப்டாப்போடு சேர்க்க முடியுமாம். அப்படியென்றால் அந்தக் கார்டு வீண் போகாது.

மே 9

டாஃபினில் ஒரு பெண், ஊரை விட்டுப் போகிறவள், அந்தப் பெட்டியை விற்றாள். புருஷனுக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவர் கேட்டாரா என்று கேட்டாள். பணத்தைக் கொடுத்துப் பெட்டியைக் காரில் ஏற்றினேன்.

மே 11

வேலை செய்யவில்லை. பெட்டியில் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது. அப்படி ஒன்று இருப்பதே லேப்டாப்புக்குத் தெரியவில்லை.

மே 12

இன்றும் இல்லை. ட்வெயின் வாக்கரைத் தள்ளிக்கொண்டு மேசையைத் தாண்டிப் போனான். ஒரு நொடி நின்றான். நின்றானா? எனக்கு அப்படித் தோன்றியது.

மே 15

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். மறுபடி அதே கதை. மேசையில் தலையை வைத்து அழுதேன். கார்டுக்காகவா அழுவார்கள்? சீ.

பின்னால் வாக்கர் சத்தம். "சார்ஜர் ஓட்டைல சொருகிட்டு அதோட சண்டை போடுறியே" என்றான். "அந்தப் பக்கம் மின்னல் படம் போட்டது ஒண்ணு இருக்கும் பாரு. அதுல சொருகு."

மாற்றினேன். லேப்டாப் 'டிங்' என்றது. கார்டின் பெயர் திரையில் வந்தது! இன்னும் முடியவில்லை, படம் லேப்டாப்புக்கே திரும்பி வந்தால் பாதி வேகம் போய்விடும், மானிட்டர் வயரை நேராகக் கார்டிலேயே கொடு என்றான். இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் அவன் பேசிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

டாங்கி வெண்ணெயில் வழுக்குவது போல் ஓடியது. உட்கார் என்றேன். இடுப்பு வலிக்கிறது என்று போய்விட்டான்.

மே 18

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

ட்வெயின் ஆட வருவான் என்று மார்செலுக்கு நான்தான் சொல்லியிருந்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் ட்வெயின் உட்கார்ந்தான். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மவுஸ் கையிலிருந்து நழுவியது. எடுத்தான். மறுபடி நழுவியது. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ரெண்டு விரல் இல்லவே இல்ல, லோர்னா. தொட்டாலும் தெரியல."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதலாகவா? தலையை ஆட்டினான். ஏன் சொல்லவில்லை?

"என்னத்தச் சொல்ல? ஏற்கெனவே நீதான் எனக்கு சாக்ஸ் மாட்டி விடுற."

நான் என்னென்னவோ நினைத்திருந்தேன்—கோபம், சோம்பல், என் மேல் வெறுப்பு என்றுகூட. விரல் என்று நினைக்கவே இல்லையே. கூடவேதானே இருந்தேன்?

கழற்றி வைத்த ஹெட்செட்டிலிருந்து மார்செலின் குரல் கொசு போலக் கேட்டது. டாங்கி நடுரோட்டில் நிற்கிறதாம், ஆள் இருக்கிறானா இல்லையா என்று கேட்டான். என்ன செய்வதென்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு மவுஸைப் பிடித்தேன்.

முதலில் நேராகச் சுவரில் மோதினேன். ட்வெயின் திரைப் பக்கம் சாய்ந்தான். பிறகு மெதுவாக, "இடது பக்கம் போ" என்றான். "அந்த வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால ஒருத்தன் பதுங்கியிருப்பான். பதறாத. வரட்டும்." வந்தான். நான் யோசிக்கும் முன்னாலேயே என் விரல் அமுக்கிவிட்டது.

"சுட்டது யாருடா?" என்றான் மார்செல்.

ட்வெயின் ஹெட்செட்டின் மைக்கைத் தன் பக்கம் திருப்பினான். "என் பொண்டாட்டி. ஜாக்கிரதையா இருந்துக்க."

தோற்றுத்தான் போனோம். அதன்பின் சூப் ஆறும் வரை சர்ச் ஹாலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். என் மவுஸில் ஒரு கோளாறும் இல்லை என்று அன்றே தெரியுமாம். பேச வேறு சாக்குக் கிடைக்கவில்லையாம்.

மே 21

டாக்டரிடம் விரல்களைப் பற்றி அவனே சொன்னான். நரம்பு. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

ஜூலை 13

சனிக்கிழமை. ஜெயித்தோம்! கத்திக் கத்தி அவன் தொண்டை கட்டிவிட்டது. பெட்டியின் விசிறிச் சத்தத்துக்குப் பூனைதான் இன்னும் பழகவில்லை.

செப்டம்பர் 5

ட்வெயினால் இனி பனி வண்டி ஓட்ட முடியாது என்று ஆபீஸிலிருந்து எழுத்தில் வந்துவிட்டது. நாள் முழுக்க ஆற்றைப் பார்த்தபடி கொல்லையில் உட்கார்ந்திருந்தான். சாப்பிட மட்டும் உள்ளே வந்தான். ரேடியோ அறையில் ஆள் தேவைப்படுகிறதாம், பனி வண்டிகளுக்கு வழி சொல்ல. கேட்கலாமா என்று என்னைக் கேட்டான்.

நவம்பர் 16

விடியும்போதே பனி ஆரம்பித்துவிட்டது. ட்வெயினுக்கு மதியத்திலிருந்து ரேடியோ அறையில் வேலை. நான் தனியாக ஆடினேன். இடைவேளையில் கூப்பிட்டு ஜெயித்தாயா என்று கேட்டான். டாங்கியை ஆற்றில் இறக்கிவிட்டேன் என்றேன். சிரித்தான். எந்த இடத்தில் திரும்பினேன் என்று விவரமாகக் கேட்க ஆரம்பித்தான். அவனுக்குப் பின்னால் ரேடியோ கரகரத்தது, யாரோ அவன் பெயரைச் சொன்னார்கள்.

"இரு லோர்னா, என்னைக் கூப்பிடறாங்க" என்று வைத்துவிட்டான்.

நான் அடுத்த ஆட்டத்துக்கு உட்கார்ந்தேன்.