ஏழாம் பாகத்து ராசா

கோரிப்பாளையம், மதுரை
14.11.1981

அன்பு மகள் ஜெயக்கொடிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் குளிரைத் தாக்குப்பிடித்து நல்லபடியாக இருக்க அழகர் துணை நிற்கட்டும்.

உன் மாயமலைக் கதையின் ஏழாம் பாகம் கடைக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, அதற்குள் நம் புத்தகக் கடை வாசலில் இரண்டு தடவை சண்டை நடந்துவிட்டது, அச்சாபீஸ் கண்ணுச்சாமி எட்டாம் பாகத்தை அச்சடிக்க மாட்டேன் என்று வந்து நின்றான். ஆறு பாகம் வரைக்கும் பறக்கிற யானை, பேசுகிற வாள் என்று ஜனம் வாயைப் பிளந்து படித்தது. இந்தப் பாகத்தில் புருஷன் கொடுமை தாங்காமல் ஓடிவந்த இளவரசியை அவள் அப்பன் ராசா மூன்றாம் முறையும் புருஷன் இருக்கிற நாகத்தீவுக்கே படகேற்றி அனுப்ப, அவள் அங்கே சுனையில் விழுந்து செத்ததாக எழுதிவிட்டாய். ஊர் ரெண்டாகிவிட்டது. எழுதுவது நீ என்று கண்ணுச்சாமியைத் தவிர வெளியில் ஒருத்தருக்கும் தெரியாது, ஆம்பிளைப் பேர் போட்டிருப்பதை அப்படியே நம்புகிறார்கள், அதனால் என் முகத்துக்கு நேரே மனதில் உள்ளதைக் கொட்டுகிறார்கள். கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

வாடகை சைக்கிள் கடை பேயாண்டி ராசா கட்சி. மகளை வீட்டில் வைத்துக்கொண்டால் நாகர் படை வந்து ஊரையே கொளுத்தியிருக்கும், ஒருத்திக்காக அம்புட்டுச் சனமும் சாகவா அண்ணே, அந்த மனுசன் கோட்டைமேல் நின்று படகு மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாரே, பாசம் இல்லாமலா நிற்பார் என்று என்னிடமே கேட்கிறான். மில்லுக்குப் போகிற முருகம்மாள், நம் பின்தெருக்காரிதான், அதைக் கேட்டுவிட்டு, சைக்கிளை வாடகைக்கு விட்டா நீயும்தான் தெருமுனை தாண்டுற வரைக்கும் பாக்குற, ஆனா சைக்கிள் திரும்பி வந்தா உள்ள எடுத்து வைக்கிறியேப்பா என்றாள். நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள், பேயாண்டிக்கு ரோசம் வந்து கை நீட்டப் போய்விட்டான், நான்தான் நடுவில் விழுந்து விலக்கினேன். காலேஜ் பையன்களுக்கு வேறு குறை. மூன்றாம் பாகத்தில் உயிர் எழுப்பும் மூலிகையைக் காட்டிவிட்டு இப்போது மறந்துபோனது எழுதினவன் குற்றமாம். வாடகைக்கு விடுகிற பிரதியின் கடைசி வெள்ளைத்தாளில் ஒருவன், இனி இந்தக் கதையைப் படித்தால் என்னைச் செருப்பால் அடி என்று எழுதியிருக்கிறான், அதன் கீழே இன்னொருவன் பென்சிலால், விலாசம் கொடு வாரேன் என்று எழுதியிருக்கிறான். அதற்கும் கீழே பொம்பிளைக் கையெழுத்தில் ஒரே வரி, என் அப்பாவும் இப்படித்தான் என்று. பேர் இல்லை. மறுநாளே அந்தப் பிரதியை வாடகைக்கு விடாமல் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

நான் விற்கிற சரக்கைப் படிக்கிறவன் இல்லை. பழைய பேப்பரைச் சைக்கிளில் கட்டித் திரிந்த நாளிலிருந்து காகிதத்தின் எடையைப் பார்த்தே பிழைத்தவன். சண்டை எதற்கு என்று தெரியவேண்டி மதியம் கடைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். ராசா படகுக்காரனிடம் கூலியை முன்னாலேயே கொடுத்து, அழுதாலும் நிறுத்தாதே, வழியில் எங்கேயும் இறக்கிவிடாதே என்று சொல்கிற இடம் வந்ததும் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். உன் தங்கை அழகம்மாளைப் புருஷன் வீட்டுக்குக் கொட்டாம்பட்டி பஸ்ஸில் ஏற்றும்போது நான் கண்டக்டரிடம் சொன்ன வார்த்தை அது. கூட இருந்தது உன் அம்மா ஒருத்திதான். மூன்று தடவை வந்தாள், மூன்று தடவையும் அனுப்பியது நான். கடைசியாக அனுப்பிய ஒன்பதாம் நாள் அவளைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். நாலு வருசமாக இந்த வீட்டில் அதைப் பேசினவர் கிடையாது. இப்போது ஒன்றரை ரூபாய் கொடுத்து வாங்குகிறவனெல்லாம் என் எதிரே நின்று எனக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறான், நான் சில்லறை எண்ணிக் கொடுக்கிறேன்.

கோபம் முதல் நாள் இருந்தது, பொய் சொல்லவில்லை. பிறகு இல்லை. நீ எழுதியதில் ஒரே ஒரு இடம்தான் தப்பு. படகு மறையும்வரை ராசா நின்று பார்த்தான் என்கிறாய். நான் பார்க்கவில்லை தாயி. அன்றைக்கு தீபாவளி மலர் கட்டு வந்து கடை வாசலில் இறங்கிக் கிடந்தது, பஸ் கிளம்புவதற்கு முன்பே நான் வந்துவிட்டேன். உன் அம்மா அதைச் சொல்லாமல் விட்டாளோ, நீயாக இரக்கப்பட்டுச் சேர்த்தாயோ தெரியாது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பேயாண்டியைப் போல பாதிப் பேர் ராசாவுக்காகப் பேசுகிறார்கள். மறுபதிப்பு வந்தால் அந்த வரியை எடுத்துவிடு.

உன் அம்மாவுக்கு முருகம்மாள்தான் முழுவதையும் படித்துக் காட்டினாள். வாசித்து முடித்துவிட்டு, மூலிகைதான் இருக்கே அத்தை, அடுத்ததில் எழுப்பிருவாங்க, கவலைப்படாதீங்க என்றிருக்கிறாள். அதற்கு உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, எழுப்புனா திரும்ப அந்தப் படகுலதான ஏத்துவாரு என்றாளாம். முருகம்மாள் விளையாட்டுப்போல என்னிடம் வந்து சொன்னாள். உன் அம்மா வழக்கம்போல எனக்குச் சோறு போடுகிறாள்.

நேற்று கண்ணுச்சாமி வந்தான். திண்டுக்கல், தேனி ஏஜெண்டுகள் அனுப்பிய புத்தகக் கட்டில் பாதியைத் திருப்பிவிட்டார்களாம். எட்டாம் பாகத்தில் முனிவர் மூலிகையைப் பிழிந்து இளவரசியை எழுப்ப வேண்டுமாம், அவள் ராசா காலில் விழுந்து நீங்க செஞ்சதுதான் சரி அப்பா என்று சொல்ல வேண்டுமாம், இல்லாவிட்டால் கதை இதோடு நின்றுபோகும் என்றான். காபி வாங்கிக் கொடுத்து உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசினேன். ஆயுசில் எத்தனையோ பேரம் பேசியிருக்கிறேன், இதைப்போல வாய் உலர்ந்தது இல்லை. உன்னைக் கேட்காமல் பேசி முடித்தது தப்புத்தான், பிடிக்காவிட்டால் தந்தி கொடு, மாற்றிக்கொள்ளலாம்.

இந்த வருசம் மழை இல்லை, வண்டியூர்த் தெப்பக்குளம் கட்டாந்தரையாகக் கிடக்கிறது. மாப்பிள்ளைக்கு ரத்தக்கொதிப்பு என்று எழுதியிருந்தாய், ஊறுகாயை நிறுத்து, நாங்கள் அனுப்பினாலும் போடாதே. சின்னவளுக்குக் காது மூடுகிற மாதிரி கம்பளித் தொப்பி வாங்கு. அங்கே உனக்கு ஏதும் மனக்கஷ்டம் என்றால் எழுதிக் கேட்டுக்கொண்டு இருக்காதே, ரயிலேறி வா, நம் வீட்டுக் கதவு சாத்தியிருக்காது. இதை நான் உனக்குச் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லவில்லை, இன்னொருத்திக்கும் சொல்லவில்லை. நீயும் பிள்ளைகளும் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும்.

எட்டாம் பாகம் கையெழுத்துப் பிரதி டிசம்பர் பத்துக்குள் இங்கே வந்துசேர வேண்டும், மறக்காதே. பேசி முடித்தது இதுதான்: ஐயாயிரத்துக்குப் பதில் மூவாயிரம் பிரதி அடிப்பது. அதில் ஐந்நூறு நம் கடைக்கு, விற்காவிட்டாலும் திருப்பக்கூடாது, அந்த நஷ்டம் என்னுடையது. உனக்குப் பாகத்துக்கு அறுநூறுக்குப் பதில் நானூறு, அந்த நஷ்டம் உன்னுடையது. இளவரசி எழுந்திருக்க மாட்டாள். ராசாவை யாரும் மன்னிக்கக் கூடாது, பன்னிரண்டாம் பாகத்தோடு கதை முடிகிறவரை அவன் சாகவும் கூடாது.

உன் அப்பா,
மலையாண்டி