ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கேமரா

அன்புள்ள மகன் சங்கருக்கு அம்மா சின்னக்கா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை அம்பிகாவும் கஞ்சி குடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறோம். நீ போலந்தில் சுகமா என்று கேட்கமாட்டேன், கேட்டால் நல்லா இருக்கேம்மா என்றுதான் சொல்வாய், அந்தப் பேச்சை நம்பி நம்பித்தான் நம் குடும்பம் இந்தக் கதிக்கு வந்தது. டவர் கிடைக்கிற பாறை மேல் மூச்சு வாங்க ஏறி உனக்குப் போன் போட்டேன், நான் விஷயத்துக்கு வருவதற்குள் நீ அங்கே குளிர் ஆரம்பிச்சிடுச்சும்மா என்று பேச்சை மாற்றினாய், அதற்குள் லைனும் போய்விட்டது. கடிதத்தில் நீ பேச்சை மாற்ற முடியாது பார், அதனால் எழுதுகிறேன். நாளைக்குத் தேன்மொழி அரூருக்கு இறங்குகிறாள், இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அவள் கரடியைப் பற்றிப் படிக்க வந்த பெண், உன் அப்பாவிடம்தான் காட்டுத்தடம் எல்லாம் பழகினாள்.

நான் சமைத்துப் போடுகிற இந்தக் கரடி ஆராய்ச்சிக் கேம்பில் எதுவும் மாறவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விடிவதற்கு முன் டீ, காட்டுக்குப் போகிறவர்களுக்குப் பொட்டலம், மத்தியானம் களி, சாயந்திரம் அட்டைப்பூச்சி கடித்த காலோடு வந்து உட்காருகிறவர்களுக்கு மறுபடி டீ. கல்கத்தாவிலிருந்து புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், களியை விரலால் அழுத்திப் பார்த்து இதை மெல்லவேண்டுமா விழுங்கவேண்டுமா என்று தேன்மொழியிடம் கேட்டாளாம். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே உன் அப்பா இருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பார் என்று தோன்றி அடுப்படிக்குள் போய்விட்டேன். புரட்டாசி மூட்டத்தில் சோலார் சரியாக ஏறுவதில்லை, மோட்டார் ஓடவில்லை, தண்ணீரைக் குடத்தில்தான் சுமக்கிறோம். எண்ணெய் வாசனைக்குக் கரடி ஒன்று சமையல்கட்டுப் பின்கதவைப் பிராண்டிவிட்டுப் போயிருக்கிறது. அந்தக் கதவைச் சரிசெய்யக்கூட ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது.

வருஷத் திதிக்கு மாட்ட அப்பா படம் ஒன்று வேண்டும் என்று நீ கேட்டாய் அல்லவா. அந்த மனுஷன் எங்கே படம் எடுத்துக்கொண்டார். ஆதார் அட்டையில் இருப்பது யாரோ திருடன் மாதிரி இருக்கிறது. ஆனால் கரடி குறுக்கே போனால் தானாகப் படம் பிடிக்கிற காட்டுக் கேமராவில் அவர் விழாத நாள் இல்லை. மரத்தில் கேமராவைக் கட்டியதும் அது வேலை செய்கிறதா என்று பார்க்க அதன் முன்னால் ஒரு ஆள் நாலுகாலில் தவழ வேண்டும், அவர்கள் கட்டுவது கரடி உயரத்துக்கு, நடந்து போனால் சரிவராது. மற்றவர்கள் கடமைக்குத் தவழுவார்கள், உன் அப்பா தலையை ஆட்டி ஆட்டி நிஜக் கரடியாகவே போவார், பார்க்கிற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் கார்டைப் போட்டுப் பார்க்கும்போது மனுஷர் விழுந்த படங்களை அப்போதே அழித்துவிட வேண்டும் என்பது கேம்பை நடத்துகிற பிரபாகர் சார் வைத்த சட்டம், காட்டுக்குள் போய்வருகிற ஊர்ச்சனம் யாருக்கும் தொந்தரவு வரக்கூடாது என்று. அப்படித்தான் இத்தனை வருஷத்து உன் அப்பா மல்லையனும் அழிந்துபோனார்.

அவர் கடைசியாகக் கட்டியது ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கேமரா. அவர் போன மறுநாளே ஓடை பெருகி வழியை அறுத்துக்கொண்டு போனது, கேமராவும் போய்விட்டது என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். போன வாரம் உன் அப்பா பார்த்த வேலைக்கு வந்திருக்கிற ராஜப்பன் தேன் பார்க்கப் போனவன் புதருக்குள் அதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். வெள்ளம் வரும் என்று உன் அப்பா, சார் சொன்ன மரத்தை விட்டு மேட்டில் வேறு மரத்தில் கட்டியிருக்கிறார். தேன்மொழி கார்டைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றையும் அழிக்காமல் என்னிடம் வந்தாள், அவள் முகமே சரியில்லை. அக்கா, நீங்க பாக்கணும்னா பாருங்க, வேணாம்னா வேணாங்க என்றாள். பார்த்தேன் சாமி.

முதலில் தவழுகிறார், தலையை ஆட்டிக்கொண்டு, எப்போதும்போல. அடுத்த படத்தில் எழுந்திருக்கவில்லை. அப்புறம் கேமராவுக்கு எதிர்ப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு கை நெஞ்சில், ஒரு கை மடியில். எத்தனையோ படத்தில் அப்படியேதான் இருக்கிறார், பாறையின் நிழல் மட்டும் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போகிறது. பிறகு எழுந்து, சாய்ந்திருந்த கேமராவைக் கையால் நேராக்கிவிட்டுக் கேம்பு இருக்கிற திசையில் நடந்துவிட்டார். கேம்பு வேலிப் பக்கத்தில் நாங்கள் அவரை உயிரில்லாமல் கண்டது அதற்கப்புறம்தான். அரூர் டாக்டர் உயிர் ஒரு நிமிஷத்தில் போயிருக்கும் என்றாரே, அதைச் சொல்லித்தானே உன்னையும் தேற்றினோம். ஒரு நிமிஷம் இல்லை. நேரம் இருந்திருக்கிறது. வாக்கி-டாக்கி இடுப்பில் தெளிவாகத் தெரிகிறது, கை அதன் மேல் போகவே இல்லை. அதில் கூப்பிட்டால் கேட்கிற இன்னொரு செட்டு என் சமையல்கட்டில் உப்பு டப்பா பக்கத்தில் இருந்தது, நான் அங்கேதான் இருந்தேன். ஜீப் வாசலில் நின்றது, டிரைவர் மாரியப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எல்லாரும் இருந்தோம். தொந்தரவு எதற்கு, வாயுதான், கொஞ்சம் உட்கார்ந்தால் போய்விடும் என்று நினைத்திருப்பார். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, செத்தவர் மேல் கோபப்பட்டு என்ன செய்ய.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்பிகா என்னிடம் சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே. அண்ணனுக்குக் குடோன்ல பொட்டி தூக்கறப்ப நெஞ்சு அடைக்குதாம், இடது தோளு வலிக்குதாம், கேஸுன்னு சோடா குடிச்சிட்டு வேலைக்குப் போயிடுதாம், அம்மாகிட்ட மூச்சு விடாதேன்னுச்சு என்று அழுதாள். நீயும் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாய் சங்கர். லீவு போட்டால் வேலை போய்விடும் என்று காரணம் சொல்லாதே. போனால் போகட்டும், வந்து என்னோடு களி கிண்டு.

மாட்டுவதற்குத் தவழுகிற படத்தைத்தான் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறேன். உன் பெரியப்பா மாதப்பன், நாலுகால்ல நிக்கிற படத்துக்கா மாலை போடுவீங்க, ஊரு சிரிக்காதா என்று குதிக்கிறார். சிரிக்கட்டும், அவர் சிரிக்க வைத்தவர்தானே. உட்கார்ந்திருக்கிற படத்தை உனக்கு மட்டும் இந்தக் கடிதத்தோடு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முகத்தைப் பார்த்து அழாதே, மடியில் சும்மா கிடக்கிற அந்தக் கையைப் பார்.

தீர்த்தமலையான் உன்னைக் காக்கட்டும், நீ நரைத்துக் கிழவனாகி என்னைத் திட்டவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து டாக்டர் சொன்னதை அப்படியே சொல், மறைக்காதே. உன் போன் வரும்வரை தினமும் சாயந்திரம் பாறை மேல்தான் இருப்பேன். செட்டும் உப்பு டப்பா பக்கத்திலேயேதான் இருக்கிறது, அதை நான் அணைப்பதே இல்லை.

உன் அம்மா,
ம. சின்னக்கா