மகிழினி கையில் பத்துப் புள்ளிகள்

19.1.2004, திங்கள்

விடிந்ததிலிருந்து மகிழினிக்கு இழுப்பு. அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, எனக்கும் வேலைக்கு லீவு. என் வீட்டுக்காரர் அசோகன் மட்டும் மொட்டை மாடியில் நாற்பது புறாவுக்கும் சோளம் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் பந்தயமாம், ஓங்கோலில் திறந்துவிட்டால் வீட்டுக்குப் பறந்து வர வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறாள், அப்பன் வானத்தைப் பார்த்து விசில் அடிக்கிறார். நல்ல குடும்பம்.

22.1.2004

"வீட்டில் பிராணி ஏதாவது வளர்க்கிறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். புறா என்றேன். அலர்ஜி டெஸ்ட் எடுக்க வேண்டுமாம். அதற்கு முன் ஒரு வாரம் அலர்ஜி மாத்திரை கொடுக்கவே கூடாது, கொடுத்தால் டெஸ்டில் ஒன்றும் தெரியாதாம்.

இவரிடம் சொன்னதும் குதித்தார். "திருவொற்றியூரே பொகையா கீது. அத்த வுட்டுட்டு எம் புறா மேல பழி போடுறியா?"

26.1.2004

மாத்திரை இல்லாமல் நாலு நாள். மூக்கைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்துவிட்டது. பார்க்க முடியவில்லை.

29.1.2004

முன்கையில் பேனாவால் ஒன்று முதல் பத்து வரை எழுதி, ஒவ்வொன்றிலும் தூசி, புறா என்று வெவ்வேறு மருந்தில் ஒரு சொட்டு வைத்து ஊசியால் குத்தினார்கள். அவள் அழவில்லை. இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே தடிக்கவில்லை.

"பாத்தியா? புறாவால ஒண்ணும் இல்ல," என்று இவர் சிரித்தார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "முதல் புள்ளி யாருக்கு வெச்சாலும் தடிக்கணும். அதுவே தடிக்கலை. மாத்திரை குடுத்தீங்களா?"

இல்லவே இல்லை என்றேன். மகிழினிதான் சொன்னாள். "காலைல நைனா குடுத்துச்சே. அம்மாகிட்ட சொல்லாதன்னு தேன் மிட்டாய் வாங்கித் தந்துச்சு."

ஏழு நாள் பிள்ளை பட்டது அத்தனையும் வீண். மறுபடி ஒரு வாரம். இன்னா மனுசன் இவன்? பந்தயத்துக்காகப் பெத்த புள்ளய— எழுதக்கூடக் கை கூசுகிறது.

30.1.2004

இவருக்குச் சோறு மட்டும் வைத்தேன்.

6.2.2004

அவரை அழைத்துப் போகவில்லை. முதல் புள்ளி உடனே தடித்தது. ஏழாவது நாலணா அகலத்துக்குத் தடித்தது. ஏழாவதுதான் புறா.

ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். தடித்திருந்தது என் பிள்ளையின் கை. வெட்கமாக இருந்தது.

8.2.2004, ஞாயிறு

புறாவா, புள்ளையா என்று கேட்டேன்.

"யாராண்ட குடுத்தாலும் திரும்பி இங்கதாம்மே வரும். நானே கூட இருந்து பழக்குனாத்தான் வேற எடத்துல தங்கும்."

மத்தியானம் மீன்பாடி வண்டியில் கூண்டுகளை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். புளியந்தோப்பில் அவர் அம்மா வீடு. "பந்தயம் முடியட்டும், வந்துடுறேன்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

7.3.2004, ஞாயிறு

பந்தயம் முடிந்து ஒரு வாரம். மகிழினி மூன்று மாடிப் படிகளையும் ஓடியே ஏறுகிறாள். இழுப்பு இல்லை.

இன்று துணி காயப்போடப் போனபோது மேலே ஒரு புறா. காலில் பந்தயத்துக்கு மாட்டிய ரப்பர் வளையம் அப்படியே இருந்தது. அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தால் கழற்றியிருப்பார். கூண்டு இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தது. புளியந்தோப்பு அதற்கு வீடாகவில்லை.

படபடவென்று சத்தம் கேட்டுப் படியிலிருந்து மகிழினி கத்தினாள். "நைனா வந்துகீதாம்மா?"

"இல்லடி. புறா. நீ மேல வராத."

துண்டை வீசி விரட்டிவிட்டு, மாடிக் கதவைச் சாத்தினேன்.