சலவைக்கல் கூரை

அன்புள்ள சாரு,

நீ அம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது நம் கூடத்தில் ஆட்கள் படுத்திருந்தால் பயந்துவிடாதே. நம் வீட்டு வேலைக்கு வரும் பாஞ்சாலியின் குடும்பம்தான். அவர்கள் குடிசைக்கு இப்போது கூரை இல்லை.

போன வாரம் பத்திரிகையில் என் கிண்டல் பக்கத்தில் எழுதியிருந்தேனே, ஹெலிகாப்டரில் போகும் மந்திரியின் கண்ணை உறுத்தாமலிருக்கக் குப்பத்துக் குடிசைகளுக்கெல்லாம் சலவைக்கல் கூரை வரப்போகிறது, பழைய ஓலையை அவரவரே பிரித்து வைக்கவும் என்று. நீகூடப் போனில் சிரித்தாய். இது கிண்டல் என்று காட்ட மேலே வழக்கமான கோமாளிப் படம் இருந்தது. ஆனால் பாஞ்சாலி இருக்கும் ஊரூர்க் குப்பத்து டீக்கடையில் ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். படம் எப்படிக் காதில் விழும்? பாஞ்சாலி அன்றே ஓலையைப் பிரித்துவிட்டாள். மறுநாள் அடைமழை.

"நாம என்ன பொய்ச் செய்தியா போட்டோம்? கிண்டல்தானேய்யா" என்கிறார் பத்திரிகை ஆசிரியர். இன்று காலை வரை நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலையில் காபி கொடுத்தபோது பாஞ்சாலி கேட்டாள்: "சார், நீதான எழுதிக்கீற. கல்லு என்னிக்கு வருதாம், கேட்டு சொல்லேன்."

"அடுத்த மாசம்" என்றேன்.

பத்திரிகையில் போட்டது கிண்டல்தான், சாரு. பொய்ச் செய்தி இதுதான்.

சீக்கிரம் வா. அவளிடம் உண்மையை நீயே சொல்லிவிடேன்.

உன் வீட்டுக்காரன்