ஒழுகும் வீட்டுக்கு ஒரு தலைப்பு

ஜூன் 3

இன்று முழுநாளும் அக்கா மகளின் கடையில். கடை என்றால் ஓர் அறை, ஓர் ஏணி, சிமென்ட் வாளிகள், சுவருக்குள் ஈரம் எங்கே என்று காட்டும் ஒரு கைக்கருவி. வீட்டில் எங்கே தண்ணீர் ஒழுகினாலும் போய் அடைத்துக் கொடுப்பாள். இந்த வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. பாதி என் ரத்தம் அல்லவா. ஆனால் போன்தான் அடிப்பதில்லை. ஒரு பெரிய கட்டடக் கம்பெனி வேறு ஊரில் வேலை தருகிறேன் என்கிறது. முப்பதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். போனால் மூன்று வருஷம் தனியாளாக நடத்திய கடைக்குப் பூட்டு.

வெப்சைட்டைத் திறந்து காட்டினாள். உச்சியில் கொட்டை எழுத்து: 'எங்கள் இணையதளத்திற்கு நல்வரவு. தரமே எங்கள் தாரக மந்திரம்.'

"யாரும்மா இத எழுதுனது?"

"நான்தான் மாமா."

"நல்வரவெல்லாம் கால்மிதியில போடறது. தலையில தண்ணி சொட்டுறவன் இத வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்?"

"அப்ப நீங்களே எழுதுங்க."

மாமா மாட்டிக்கொண்டார் என்று நினைத்திருப்பாள். நான் எட்டாவது வரைதான் படித்தேன், உண்மை. ஒன்பதாம் வகுப்புக்கு என்னைத் தாங்கும் தெம்பு இல்லை. ஆனால் முப்பது வருஷம் கண்டக்டர். காலி பஸ்ஸைக் காட்டி 'ரெண்டே சீட்டுதான்' என்று சொல்லி நிரப்பியவன். எனக்கா தலைப்பு வராது?

ஜூன் 5

நூறு தலைப்பு எழுதினேன். பதினேழு என்று வைத்துக்கொள்ளலாம். தேறியது: 'வானமே இடிந்து விழுந்தாலும் உங்கள் வீட்டில் ஒரு சொட்டு விழாது.'

படித்துக் காட்டியதும் வீட்டுக்காரி கேட்டாள்: "வானம் விழுந்தா வீடு எங்க இருக்கும்?"

பொறாமை.

ஜூன் 9

வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்காரர் வந்தார். என் வானத் தலைப்பை ஏற்றியதிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்களாம். ஆளுக்கு நாலு நொடி. போன் நம்பரை அழுத்தியவர் ஒருவர். அந்த ஒருவர் நான்தான். வேலை செய்கிறதா என்று சோதித்தேன்.

"அண்ணே, வானம் பூமியெல்லாம் வேணாம். ஜனங்க எந்த வார்த்தைய மனசுல வெச்சுட்டு வர்றாங்களோ, அது தலைப்புல இருக்கணும். ஒரு கேள்வியா கேட்டுப் பாருங்க, நிப்பாங்க."

இதைத்தான் நானும் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

ஜூன் 10

என்ன வார்த்தை? ஒழுகுகிறது. அப்படியானால் ஒழுக்கு. எழுதிப் பார்த்தேன், மொட்டையாக நின்றது. தூக்கம், ஏக்கம், மயக்கம் என்று எல்லாம் கம்பீரமாக முடியும்போது இது மட்டும் ஏன் பாதியில் நிற்க வேண்டும்? ஓர் 'அம்' சேர்த்தேன். அக்கா மகள் யார் வீட்டு மொட்டைமாடியிலோ வேலையாக இருந்தாள். நேராகக் கம்ப்யூட்டர்காரருக்கு அனுப்பினேன். கொடுத்ததை அப்படியே ஏற்றிவிடும் மனுஷன்.

'உங்கள் வீட்டில் ஒழுக்கம் இருக்கிறதா? ஒரே நாளில் நிறுத்தித் தருகிறோம்.'

ஜூன் 11

காலையிலிருந்து போன் ஓயவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று எடுத்தால் —

"எங்க வீட்ல ஏற்கெனவே நின்னு போச்சுங்க. திரும்ப ஆரம்பிச்சுக் குடுப்பீங்களா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்தது ஓர் அம்மா: "எங்க வீட்டுக்காரருக்கு அது கொஞ்சம்தான் இருக்கு. அதையும் நிறுத்திடாதீங்கய்யா." பின்னாலேயே ஒரு சிரிப்பு. மூன்றாவது ஒரு தமிழ் வாத்தியார். அவர்தான் இருபது நிமிஷம் பொறுமையாக விளக்கினார். தலைப்பை யாரோ படம் பிடித்து ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருக்கிறார்களாம். காது சுட்டது.

தலையெல்லாம் சிமென்ட் தூளோடு வந்த அக்கா மகள் அதைப் படித்தாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று பார்த்தேன், சிரிப்புத்தான். "மாமா, நான் பேசாம அந்த வேலைக்கே போயிடறேன்" என்றாள். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

ஜூன் 12

தலைப்பை எடுத்தாயிற்று. சோறு இறங்கவில்லை. இரண்டு தடவைதான் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 16

"நீங்க எழுத வேணாம் மாமா. போன மட்டும் எடுங்க" என்று உத்தரவு. எடுக்கிறேன். கேலி செய்கிறவர்கள் குறைந்து, நிஜமாகவே ஒழுகுகிற வீட்டுக்காரர்கள் ஒன்பது பேர் இதுவரை பேசினார்கள். கண்டக்டர் பழக்கம், சொன்னதை எல்லாம் சீட்டில் குறித்தேன். இன்று அடுக்கிப் பார்த்தால், ஆறு பேர் முதலில் கேட்டது ஒரே கேள்வி: உடைப்பீங்களா?

ஓர் அம்மா சொன்னது: "போன தடவ வந்தவங்க பாத்ரூம் பூராவும் பேத்துட்டுப் போயிட்டாங்க. அதுக்கு ஒழுகலே தேவலாம்னு ஆயிடுச்சு."

நம் ஆள் அப்படிச் செய்வதில்லையே. கருவியை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே மட்டும்தான் கை வைப்பாள். அவளுக்கு இது சாதாரணம். அதனால் வெப்சைட்டில் எங்குமே சொல்லவில்லை.

ஜூன் 17

சீட்டுகளை அவள் முன்னால் பரப்பினேன். 'சுவரை உடைக்காமல் ஒழுகலை நிறுத்துகிறோம்' என்று போடலாமா என்றேன்.

"அது பொய் மாமா. ஒரு டைல்ஸாவது எடுத்துத்தான் ஆகணும்."

"எத்தன டைல்ஸ்?"

"ஒண்ணு. சில வீட்ல ரெண்டு."

"அதையே எழுதிட்டாப் போச்சு."

எழுதியது: 'பாத்ரூம் முழுவதையும் உடைக்க வேண்டாம். பெரும்பாலும் ஒரு டைல்ஸ் எடுத்தால் போதும், ஒழுகல் நிற்கும்.'

இவ்வளவு சின்னதாக நான் எதையுமே சொன்னதில்லை. வீட்டுக்காரி படித்துவிட்டு, "நீங்க எழுதுன மாதிரியே இல்லையே" என்றாள். பாராட்டு.

ஜூன் 24

ஒரு வாரத்தில் நாற்பது போன். சரி, பதினாறு. ஏழு வேலையாக மாறியது. பேசுகிறவர்கள் எல்லாம் 'அந்த ஒரு டைல்ஸ்காரங்கதானே?' என்றே ஆரம்பிக்கிறார்கள். கம்ப்யூட்டர்காரர் என் மூளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார்.

ஜூன் 28

கம்பெனிக்கு என்ன பதில் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் ஒன்றைக் கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

ஜூன் 30

மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நான் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன்.

"மாமா, கம்பெனிக்கு லெட்டர். மேல ஒரு தலைப்பு போடணும்."

பளபளவென்று நாலைந்து நாக்கு நுனிக்கு வந்தன. விழுங்கிவிட்டு, "நீ என்னம்மா சொல்லணும்னு நினைக்கிற?" என்றேன்.

சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தேன்: 'அழைத்ததற்கு நன்றி. எனக்கு இங்கே வேலை இருக்கிறது.'

ஓர் எழுத்துக்கூடத் திருத்தாமல் அனுப்பினாள். பிறகு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு யார் வீட்டுச் சமையலறைக்கோ கிளம்பினாள். வாசலில் நின்று, "நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துடுங்க மாமா. லேட் பண்ணாதீங்க, போன் எடுக்க ஆள் வேணும்" என்றாள்.

எட்டரைக்கே போய்விடுவேன்.